சேற்றிலிருந்து மெழுகு வரை: மலையகத்தில் வேகக் காரைப் பேணும் முழு வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் ராதெல்லைக் குறுக்குப் பாதையில் இறங்கி வந்து நின்ற ஒரு வெள்ளை மிட்சுபிஷி லான்சர் எவலூஷன் காரை, அதன் சொந்தக்காரத் தம்பி கழுத்தில் கிடந்த துவாயால் துடைத்துக்கொண்டிருந்தார். பொனட்டின் மேல் மூடுபனியின் ஈரமும் தெருத் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் படிந்திருந்தன. "மெதுவாகத்தான் துடைக்கிறேன் அண்ணே, கீறாது" என்றார். பத்து மணி வெயில் ஏறியதும் பொனட்டைச் சரிவாகப் பார்க்கச் சொன்னேன். சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல ஆயிரம் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. பந்தயத்தில் விழுந்த கீறல் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் அன்போடு துடைத்த கையால் விழுந்தவை.

இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியது அந்தக் காலைதான். மலையகத்தில் காரைப் பேணுவதற்கு எனக்குத் தெரிந்த முதல் விதி ஒன்று: அழுக்கு போன பிறகே கை படவேண்டும். விலை உயர்ந்த மெழுகும் செரமிக் பூச்சும் இந்த விதிக்குப் பிறகுதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேகமாக ஓடும் காரைக் கழுவுவது அழகுக்கான வேலை மட்டுமன்று, அதைச் சோதிப்பதும்தான். டயரின் உள் விளிம்பு தேய்ந்திருப்பதையும் பிரேக் குழாய் வெடித்திருப்பதையும் கழுவும் கைதான் முதலில் காண்கிறது.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து ஆண்டுகளில் எங்களிடம் இருந்த பழைய ஹொண்டா சிவிக்குகளும் டொயோட்டா ஸ்டார்லட்களும் சுபாரு இம்ப்ரேசாக்களும் இனிக் கிடைக்காத பொருள்கள் ஆகிவிட்டன. அவற்றின் பெயின்டைத் தேய்த்துத் தீர்க்க நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

மலை ஏன் வேறு?

கொழும்பில் உள்ளவர்கள் சொல்லும் முறைகள் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. இங்குள்ள செம்மண் சேற்றில் நுண்ணிய படிக மணல் கலந்திருக்கிறது. கையில் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று உணரலாம். அது பெயின்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை விடப் பலமடங்கு கடினமானது. தோட்டப் பாதைகளில் கொழுந்து லொறி கிளப்பும் தூசியும், தேயிலைக்குப் போடும் டொலமைட் மாவும் அதோடு சேர்கின்றன. மூடுபனி இவை எல்லாவற்றையும் நனைத்துப் பசைபோல ஒட்டவைத்துவிடுகிறது. காய்ந்த தூசி என்றால் காற்று தட்டிவிடும். பனியில் நனைந்த தூசி அசையாது.

இரண்டாவது, இறக்கம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ரம்பொடை வழியாகப் பேராதனைக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,400 மீற்றரை பிரேக்கும் கியரும்தான் தாங்கவேண்டும். அத்தனை உராய்விலும் பிரேக் டிஸ்க்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள் சூடாகப் போய் அலோய் சக்கரத்திலும் பின் பம்பரிலும் பதிகிறது. வெள்ளைக் காரில் செம்மஞ்சள் புள்ளிகளாகத் தெரிவது பெரும்பாலும் அதுதான்.

ஒரு நன்மையும் உண்டு. நம் ஓடைத் தண்ணீர் மென்மையானது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீர் காய்ந்தால் வெள்ளைத் தழும்பு விடும், பீலியில், அதாவது ஓடை நீர் வரும் குழாயில், பிடிக்கும் தண்ணீர் அவ்வளவு விடுவதில்லை. ஆனால் மழைக்காலப் பீலியில் மணல் வரும். வாளியில் பிடிக்கும்போது பழைய பருத்தித் துணியை நான்காக மடித்து வாளியின் வாயில் கட்டி வடித்துக்கொள்ளுங்கள்.

வாங்கவேண்டியவை

கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் போத்தல்களைப் பார்த்து மயங்கவேண்டாம். முதலில் வேண்டியவை: ஒரே அளவிலான மூன்று வாளிகள், அவற்றில் இரண்டின் அடியில் வைக்க மணல் தடுக்கும் வலைகள், மைக்ரோஃபைபர் கையுறை மூன்று, தடித்த மைக்ரோஃபைபர் உலர்த்தும் துவாய் இரண்டு, சிறிய துணிகள் ஒரு டசின், சக்கரத்துக்கு மென்மையான பிரஷ், அமிலமோ காரமோ இல்லாத கார் ஷாம்பு. துணி துவைக்கும் சவர்க்காரமும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். அவை எண்ணெயை அகற்றச் செய்யப்பட்டவை, காரின் மேலுள்ள மெழுகையும் சேர்த்தே அகற்றிவிடும்.

சொனக்ஸ், மெக்வையர்ஸ், 3எம், டர்ட்டில் வெக்ஸ் எல்லாவற்றின் ஷாம்புவும் தம் வேலையைச் செய்யும். எந்தப் பெயர் என்பதில் மணிக்கணக்கில் வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. என் அனுபவத்தில் ஷாம்புவின் பெயரைவிடக் கையுறையின் சுத்தமே முக்கியம். காசு மிச்சமிருந்தால் ஷாம்புவுக்கு அல்ல, துணிக்குச் செலவிடுங்கள்.

முதல் படி: ஆறவிடுதல், பிறகு சக்கரம்

இறக்கம் இறங்கி வந்த காரில் உடனே தண்ணீர் அடிக்காதீர்கள். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த பீலித் தண்ணீர் பட்டால் அது கோணிப்போகும், வெடிக்கவும் கூடும். அரை மணி நேரம் ஆறட்டும். சக்கரத்தின் அருகே கையை நீட்டினால் சூடு தெரியக்கூடாது.

சக்கரங்களுக்கு மூன்றாவது வாளியும் தனிக் கையுறையும். அந்தக் கையுறை எந்தக் காலத்திலும் பெயின்ட் பக்கம் வரக்கூடாது. முதலில் நீர், பிறகு ஷாம்பு நுரை, பிறகு பிரஷ். எவலூஷனில் ஐந்தாம் பதிப்பிலிருந்து வரும் பிரெம்போ காலிப்பர்களுக்கு, அதாவது பிரேக் டிஸ்க்கைப் பற்றும் பாகங்களுக்கு, பெயின்ட் பூசியிருப்பார்கள். அமிலம் கலந்த சக்கரத் திரவம் அந்த நிறத்தை மங்கவைக்கும், அலோயையும் அரிக்கும். இரும்புத் துகளுக்கென்று தனியே விற்கும் திரவத்தைத் தெளித்தால் இரும்பு உள்ள இடமெல்லாம் ஊதாவாக மாறி வழியும். முதல் முறை பார்ப்பவர் திகைத்துவிடுவார். அது காயமுன் கழுவிவிடவேண்டும்.

சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சேற்றை வழித்தெடுங்கள். சிவிக்கிலும் இம்ப்ரேசாவிலும் பின் சக்கர வளைவின் உள் மடிப்பில்தான் துரு முதலில் பிடிக்கிறது. மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதம் முதல் விடாமல் மழை பெய்யும். அந்த மடிப்பில் சேறு கிடந்தால் ஈரம் மாதக்கணக்கில் காயாது. இந்த ஓரிடத்துக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். டிங்கரிங் கடையில் கொடுக்கப்போகும் காசு கையில் மிஞ்சும்.

இரண்டாம் படி: தண்ணீரும் நுரையும்

மேலிருந்து கீழாகத் தாராளமாகத் தண்ணீர் விடுங்கள். அழுத்தமாக அடிக்கும் இயந்திரம் இருந்தால் முனையைக் குறைந்தது 30 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடியுங்கள். மறுபெயின்ட் அடித்த பகுதிகளில் இன்னும் தள்ளி. ஒட்டாத பெயின்ட் அந்த அழுத்தத்தில் உரிந்துவிடும்.

பிறகு நுரை. இயந்திரம் இல்லாதவர் தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் கைப் பம்பு ஒன்றைப் புதிதாக வாங்கி ஷாம்புக் கரைசலை நிரப்பித் தெளிக்கலாம். பழைய பம்பு வேண்டாம், மருந்தின் மிச்சம் பெயின்டைக் கெடுக்கும். நுரை ஐந்து நிமிடம் கிடந்து வழியட்டும். வெயிலில் காயவிடக்கூடாது. மறுபடி தண்ணீர். இப்போது காரைத் தொடாமலே பாதிக்கு மேற்பட்ட மணல் போயிருக்கும். எவலூஷன் தம்பி தவறவிட்ட படி இதுதான்.

மூன்றாம் படி: கை

ஒரு வாளியில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை ஷாம்பில் தோய்த்துக் கூரையில் தொடங்குங்கள். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி, அடியிலுள்ள வலையில் தேய்த்து மணலை விழவிட்டு, பிழிந்து, பிறகுதான் மீண்டும் ஷாம்பு. நேர்கோட்டில் இழுங்கள், வட்டமாகச் சுழற்றவேண்டாம். அழுத்தவும் வேண்டாம், கையுறையின் எடையே போதும். கதவுகளின் கீழ்ப் பாதியும் பின் பம்பரும் கடைசியில், இரண்டாவது கையுறையால். கையுறை தரையில் விழுந்துவிட்டால் அன்று அதன் வேலை முடிந்தது.

நான்காம் படி: உலர்த்துதல்

மலையகத்தில் பலர் கோட்டைவிடும் இடம் இது. கொழும்பில் அரை மணி வெயிலில் கார் தானே காயும். தலவாக்கலையில் மாலை நான்கு மணிக்குக் கழுவிய கார் மறுநாள் காலையிலும் கதவு இடுக்குகளில் ஈரமாகவே நிற்கும். ஆகவே காலை ஒன்பது மணிக்கு முன்னரோ பிற்பகல் இரண்டுக்குப் பின்னரோ தொடங்கவேண்டாம்.

துவாயைப் பெயின்ட் மேல் விரித்துப் போட்டு மெல்ல இழுத்து எடுங்கள். தேய்ப்பது தவறு. பிறகு எல்லாக் கதவுகளையும் திறந்து ரப்பர் விளிம்புகளை ஒற்றியெடுங்கள். பெட்ரோல் மூடி, பின் விளக்கின் இடுக்கு, கண்ணாடிக் காதுகள், பின் இறக்கை பொருத்தியிருக்கும் அடி எல்லாவற்றிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். இலை ஊதும் சிறு இயந்திரம் கிடைத்தால் இந்த வேலைக்கு அதுபோல் வேறில்லை.

கதவின் அடியில் சிறு வடிகால் துளைகள் இருக்கின்றன. முன் கண்ணாடியின் கீழேயும் இருக்கின்றன. சவுக்கு இலையும் டர்பன்டைன் இலையும் மக்கி அவற்றை அடைத்துவிடும். தோட்டத்து மரத்தடியில் கார் நிறுத்துபவர்கள் மாதம் ஒரு முறை ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்கவேண்டும். கம்பியால் குத்தினால் உள்ளே பெயின்ட் போய் அங்கேயே துரு தொடங்கும்.

உலர்த்தி முடித்ததும் காரை ஒரு சிறு சுற்று ஓட்டி, பிரேக்கை மெதுவாகப் பலமுறை பிடியுங்கள். ஈர டிஸ்க்கோடு நிறுத்திவிட்டால் காலையில் பிரேக் பாட் துருவோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

ஐந்தாம் படி: கழுவியும் போகாத அழுக்கு

மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பொனட்டின் மேல் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அப்போது தெரியும். கழுவிய பிறகும் அது இருந்தால் தார், மரப்பால் அல்லது பதிந்த இரும்பு. தாருக்குத் தார் நீக்கி, இரும்புக்கு முன் சொன்ன ஊதாத் திரவம், மிச்சத்துக்குக் கிளே பார் என்னும் களிமண் கட்டி. அதை ஷாம்புத் தண்ணீர் தாராளமாகத் தெளித்த பரப்பில் வழுக்கவேண்டும். அழுக்கானதும் மடித்துச் சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள். கீழே விழுந்தால் எறிந்துவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் இது தேவையில்லை.

ஆறாம் படி: பொலிஷ்

இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். என் முதல் சிவிக்கை, 'கட் அண்ட் பொலிஷ்' செய்து தருகிறோம் என்ற ஓர் இடத்தில் கொடுத்தேன். மாலையில் கண்ணாடிபோல் மின்னியது. மூன்று மாதத்தில் கூரையின் ஓரமும் பொனட்டின் மடிப்பும் வெளிறிப்போயின. வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் கரடுமுரடான கொம்பவுண்ட் பசையைப் போட்டு, விளிம்புகளில் கிளியர் கோட்டையே அறுத்துவிட்டார்கள். அன்றைய மினுக்கம் கீறல்களை நிரப்பியிருந்த எண்ணெயின் மினுக்கம். மறுபெயின்ட் தவிர அதற்கு வழியே இருக்கவில்லை.

கிளியர் கோட் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன் தடிப்பில் இருக்கும். தலைமுடி ஒன்றைவிட மெல்லியது. ஒவ்வொரு பொலிஷும் அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கிறது, திருப்பித் தர முடியாது. இது வங்கியில் போட்ட பணம்போல, எடுக்க மட்டுமே முடிகிற கணக்கு. ஆகவே கீறல் முழுவதையும் அழிக்கும் ஆசையை விடுங்கள். பத்தில் ஏழு மறைந்தால் போதும்.

சாதாரணச் சுழல் இயந்திரத்தை அனுபவம் இல்லாதவர்கள் தொடவேண்டாம். சுழன்றுகொண்டே ஆடும் டியுவல் அக்ஷன் வகை சூட்டைப் பரப்பும், பெயின்டை எரிக்கும் ஆபத்து குறைவு. முதலில் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் மறைப்பு நாடா ஒட்டுங்கள். ஒரு சாண் சதுரத்தில் மட்டும் மென்மையான பஞ்சும் மென்மையான பொலிஷும் போட்டுச் சோதியுங்கள். அது போதவில்லை என்றால் மட்டும் அடுத்த கடினத்துக்குப் போங்கள். ஜப்பானியக் கார்களின் பெயின்ட், குறிப்பாக ஹொண்டாவும் சுபாருவும், மென்மையானது. எளிதில் கீறும், எளிதில் திருந்தவும் செய்யும். சில பழைய வெள்ளைக் கார்களில் கிளியர் கோட் இல்லை. பஞ்சில் வெள்ளை ஒட்டினால் பயப்படவேண்டாம், அது பெயின்டேதான். ஆனால் கை இன்னும் இலேசாகவேண்டும்.

ஏழாம் படி: காப்பு

இப்போது மெழுகா, செரமிக்கா என்ற கேள்வி. கார்னோபா மெழுகு பிரேசிலில் வளரும் ஒரு பனை இனத்தின் இலையிலிருந்து வருகிறது. கறுப்புக் காரில் அதன் ஆழமான மினுக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஹட்டன் மழையில் இரண்டு மாதத்தைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை. செயற்கைத் திரவ சீலன்ட் நாலு மாதம் வரை நிற்கிறது. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட செரமிக் பூச்சு சரியாகப் பூசினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

"சரியாக" என்ற சொல்லில்தான் மலையகத்தின் சிக்கல் இருக்கிறது. நுவரெலியாவின் குளிர் காலையில் பொனட்டின் தகடு காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத பனி அதன் மேல் படியும். அதன் மேல் செரமிக் பூசினால் மேகம் மேகமாக வெண்மை படர்ந்து இறுகிவிடும், பிறகு பொலிஷ் போட்டுத்தான் எடுக்கவேண்டும். விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். தடம் தெரிந்தால் பரப்பு ஈரம். மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களில், மூடிய கராஜில், காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் பூசி, இரவு முழுவதும் உள்ளேயே வைத்திருக்க வசதி இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் சீலன்ட் போதும். நான் என் காருக்கு சீலன்ட்தான் பூசுகிறேன், செரமிக் வாங்க முடியாததால் அல்ல.

டயர் மினுக்கும் எண்ணெயைப் பக்கச் சுவரில் மட்டும், அதுவும் துணியால் மெல்லியதாகப் பூசுங்கள். தரையில் படும் பகுதியில் ஒருபோதும் வேண்டாம். கினிகத்தேனை வளைவுகளில் மழையில் அது உயிரோடு விளையாடும் வேலை.

கண்ணாடி

பெயின்டைவிட இதில் எனக்கு அக்கறை அதிகம். ஹப்புத்தளையில் பத்து மீற்றருக்கு அப்பால் தெரியாத மூடுபனியில், எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு முன் கண்ணாடியில் சிதறினால் பாதையே மறைந்துவிடும். சிதறலுக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடியின் உட்பக்கத்தில் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம். டாஷ்போர்ட் பிளாஸ்டிக் வெயிலில் விடும் ஆவியும் நம் மூச்சும் சேர்ந்தது அது. அமோனியா இல்லாத கண்ணாடித் திரவத்தால் இரண்டு துணிகளைக் கொண்டு துடையுங்கள், ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்த. உள்ளே நெடுக்காகவும் வெளியே குறுக்காகவும் துடைத்தால் மிஞ்சிய கோடு எந்தப் பக்கம் என்று உடனே தெரியும். படலம் போனால் உள்ளே பனி பிடிப்பதும் குறையும்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழுந்த காலையில் கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றவேண்டாம். ஒரு சிறு கல்பட்ட வெடிப்பு இருந்தாலும் நீளமாக ஓடிவிடும்.

இயந்திரப் பகுதியும் இன்டர்கூலரும்

உயரம் கூடும்போது காற்றின் அழுத்தம் குறைகிறது. நுவரெலியாவில் அது கடல் மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கே. டர்போ இல்லாத முதல் சிவிக் டைப் ஆரின் 185 குதிரைவலு அங்கே அப்படியே கிடைக்காது. டர்போ உள்ள கார் காற்றை அமுக்கி இழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்துகொள்கிறது. 1934இல் தொடங்கிய மஹாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்தைப் பார்க்கப் போகும்போதெல்லாம் நான் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு நிற்பேன். ஆனால் அமுக்கிய காற்று சூடாகும். அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைச் சேறு அடைத்தால் டர்போவின் நன்மை போய்விடும்.

எவலூஷனில் இன்டர்கூலர் முன் பம்பரின் வாயில், சேறு நேரே அடிக்கும் இடத்தில் இருக்கிறது. இம்ப்ரேசாவில் பொனட்டின் காற்று வாய்க்குக் கீழே, இலை விழும் இடத்தில். இரண்டின் தகட்டு மடிப்புகளும் விரலால் வளையக்கூடியவை. ஆகவே அழுத்த இயந்திரம் வேண்டாம். பூச்செடிக்கு ஊற்றும் அளவு நீரை, முடிந்தவரை பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக விட்டு, மென்மையான பிரஷால் மடிப்பின் திசையில் வருடுங்கள்.

மற்ற இயந்திரப் பகுதிக்குத் தண்ணீரே தேவையில்லை. ஆறிய இயந்திரத்தை ஈரத் துணியாலும் சிறு பிரஷாலும் துடைத்தால் போதும். துடைக்கும்போது எண்ணெய்க் கசிவையும் ரப்பர் குழாய்களின் வெடிப்பையும் பாருங்கள். சுத்தமான இயந்திரத்தில் புதிய கசிவு ஒரே பார்வையில் தெரியும்.

உள்ளே பூஞ்சணம்

மழைக்காலத்தில் இருக்கையிலும் சீட் பெல்ட்டிலும் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்காத கார் இங்கே அபூர்வம். ஈரமான கால்விரிப்பே காரணம். அதை வெளியே எடுத்துக் காயவைத்து, பூஞ்சணம் உள்ள இடத்தை நீர் கலந்த வினாகிரியால் துடைத்து, கதவுகளைத் திறந்து காற்றோட விடுங்கள். வாசனைத் திரவம் தெளிப்பது ஈரத்தை மறைக்கும், அகற்றாது.

இறங்குமுன்

எல்லாம் முடிந்து கார் மின்னும்போது பிரேக் திரவத்தையும் பாருங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, இங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டொட் 4 என்னும் தரத்திலுள்ள புதிய பிரேக் திரவம் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியதும் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் திரவம் கொதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றவேண்டும் என்பது பொது வழக்கம். வேகமாக ஓட்டுபவர்களும் மாதம் பலமுறை மலை இறங்குபவர்களும் ஆண்டுதோறும் மாற்றுங்கள். ஒரு போத்தல் திரவத்தின் விலை நல்ல மெழுகு டப்பா ஒன்றைவிடக் குறைவு. மாற்றும்போது ஒரு துளி பெயின்டில் சிந்தினாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், அது கிளியர் கோட்டைக் கரைக்கும்.